டி.டி.ஆர். வீட்டு டெஸ்க்டாப்

“மேடம், என் கம்ப்யூட்டரை ஒருத்தன் கெடுத்துட்டான். யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க அதை நிரூபிச்சுக் கொடுத்தா போதும்.”

சீடர் இப்படித்தான் ஆரம்பித்தார்.

குரு நிமிர்ந்து பார்த்தார்.

“முதல்ல அதைக் கீழே வைங்க சார். கை வலிக்கப்போகுது.”

கம்ப்யூட்டர் பெட்டியைச் சீடர் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தார். மேசை மேல் இறக்கி வைத்தார். வைத்த பிறகும் ஒரு கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

சீடரின் பெயர் தணிகாசலம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜோலார்பேட்டையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டி.டி.ஆர். என்றுதான் சொல்வார்கள். எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும், இவனிடம் டிக்கெட் இருக்குமா என்று பார்த்தே பழகிய மனிதர். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். அந்தப் பார்வைக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

குருவின் பெயர் ஜரீனா. பெண்கள் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறார். சீடருக்கு மகள் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், மாவு மில்லுக்கு மேலே உள்ள அறையில், வருகிறவர்களுக்கு லினக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் சிஸ்டத்தைச் சொல்லிக்கொடுப்பார். அதிகம் பேச மாட்டார். குரு என்று பெயர் வைத்தது அங்கே படிக்கப் போகும் நாங்கள்தான். கேலியாக வைத்தோம். ஒட்டிக்கொண்டது.

குரு பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

பின்பக்கத்துத் துளைகள் அத்தனையிலும் செலோ டேப் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு டேப்பின் மேலும் சீடரின் கையெழுத்து.

“இது எதுக்கு சார்?”

“வழியில யாராவது எதையாவது சொருகிட்டா?”

“எப்படிக் கொண்டு வந்தீங்க?”

“ஸ்கூட்டர்ல.”

“கூட யார் வந்தா?”

“யாரும் வரல. ஆனா ரயில்வே கேட்ல கொஞ்ச நேரம் நிக்க வேண்டியதாப் போச்சு.”

எங்களுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும் பாடாகிவிட்டது. குரு சிரிக்கவில்லை.

“என்ன ஆகுது, சொல்லுங்க.”

“பாஸ்வேர்டு அடிக்கிறேன். ஏத்துக்குது. ஸ்கிரீன் கறுப்பாகுது. சரி, டெஸ்க்டாப் வரப்போகுதுன்னு பாத்தா, திரும்பவும் பாஸ்வேர்டு கேக்குது. எத்தனை தடவை அடிச்சாலும் இதே கதைதான். வாசல் வரைக்கும் வான்னு கூப்பிட்டு, மூஞ்சியில கதவைச் சாத்துது.”

“பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுதா?”

“சொல்லல. அதனாலதான் சொல்றேன், இது யாரோ வேணும்னே செஞ்ச வேலை.”

“யார்?”

சீடர் சுற்றிலும் பார்த்தார். அறையில் என்னோடு சேர்த்து நாலைந்து பேர் இருந்தோம். ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு தரம் பரிசோதித்துவிட்டுத்தான் குரலைத் தாழ்த்தினார்.

“பூவரசன்.”

“அது யாரு?”

“என் மச்சினன். வீட்டுக்காரியோட தம்பி. மெட்ராஸ் பக்கம் ஒரு கம்பெனில இருந்தான். கம்பெனியை மூடிட்டாங்க. இப்ப எங்க வீட்ல வந்து உக்காந்திருக்கான்.”

“அவர் என்ன செஞ்சார்?”

“கடைசியா அந்த மெஷின்ல உக்காந்திருந்தது அவன்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கடைக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா அணைஞ்சு கிடக்கு. என்னடான்னு கேட்டா, கரண்ட் போச்சு மாமாங்கிறான்.”

“போயிருக்கலாமே.”

“நான் சும்மா விடுவேனா? பக்கத்து வீட்ல விசாரிச்சேன்.”

“என்ன சொன்னாங்க?”

“போச்சுன்னுதான் சொன்னாங்க.”

“அப்புறம் என்ன?”

“அவங்க இவனோட சிரிச்சுப் பேசறதைப் பாத்திருக்கேன் மேடம்.”

கீழே மில் ஓட ஆரம்பித்தது. மேசை லேசாக அதிர்ந்தது. சீடர் பெட்டியின் மேல் இருந்த கையை அழுத்திக்கொண்டார்.

“இன்னிக்கு அவனை வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டேன். மத்தியானம் சாப்பிட்டுட்டு ரயிலுக்குக் கிளம்பணும்னு சொல்லிட்டேன். வீட்டுக்காரி என்கூடப் பேசறதில்ல. சாப்பாட்டை மேசைல வெச்சுட்டுப் போயிடறா. நேத்து ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தா. ‘தப்பு பண்ணாத பிள்ளையைத் துரத்தினா, நானும் அவன் பின்னாலயே போயிடுவேன்’னு சொல்லிட்டா.”

கடைசி வார்த்தையில் அவருக்குக் குரல் இறங்கிப்போனது. மனிதர் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். தன் பயத்துக்கும் பூவரசன்தான் காரணம் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

“அதனால எனக்கு ஆதாரம் வேணும் மேடம். அவ கண்ணு முன்னால வெக்கணும்.”

குரு ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார்.

“கம்ப்யூட்டர் சரியாகணுமா, கெடுத்தவர் கிடைக்கணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

“கெடுத்தவன்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுட்டுத்தான் வந்தேன்.”

“யாரா இருந்தாலுமா?”

“எவனா இருந்தாலும் விட மாட்டேன்.”

“சரி” என்றார் குரு.


சீடர் டேப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கையெழுத்து கலைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அறையில் இருந்த திரையோடு பெட்டியை இணைத்தோம். கீபோர்டை அவரே பையில் கொண்டு வந்திருந்தார். அங்கே இருந்ததைத் தொடவில்லை.

பாஸ்வேர்டு அடிக்கும்போது இடது கையைக் கூடாரம் போலக் கவிழ்த்துக்கொண்டு, வலது கையின் ஒரே விரலால் அடித்தார்.

திரை கறுத்தது. திரும்பவும் பாஸ்வேர்டு கேட்டது.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

குரு மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். படங்கள் எல்லாம் போய், கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் நின்றது.

“ஐயோ, என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல. இது டெஸ்க்டாப் வழியாப் போகாம, நேரா உள்ள போற வழி. இங்கயும் அதே பாஸ்வேர்டுதான்.”

மறுபடியும் கூடாரம். மறுபடியும் ஒற்றை விரல்.

உள்ளே விட்டுவிட்டது.

“இந்தப் பக்கம் விடுது! டெஸ்க்டாப்புலதான் விட மாட்டேங்குது. எவ்வளவு விவரமா செஞ்சிருக்கான் பாருங்க.”

குரு அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

“மெஷின்ல புதுசா ஒரு கணக்கு திறந்து, அந்த ஆளை உள்ள விட்டுப் பாப்போம்.”

“எதுக்கு? இருக்கிற ஆளே போதாதா?”

“அதுதான் வழக்கம் சார். புது ஆளுக்கும் திறக்கலன்னா மெஷின்ல கோளாறு. புது ஆளுக்குத் திறந்துச்சுன்னா மெஷின்ல கோளாறு இல்ல.”

சீடர் இதை மனதுக்குள் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் பொறி இருப்பதாகத் தெரியவில்லை போலிருக்கிறது. தலையாட்டினார்.

குரு சொல்லச் சொல்லச் சீடரே அடித்தார். பாதியில் மெஷின் ஒரு பெயர் கேட்டது.

“என்ன பேர் போடட்டும்?”

“பூவரசன்னு போடுங்க.”

“அவன் பேரா? வேற பேரே கிடைக்கலியா மேடம்?”

“வந்ததுலேர்ந்து நீங்க சொன்ன பேர் அது ஒண்ணுதான்.”

பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார்.

பழைய திரைக்குத் திரும்பினார்கள். இப்போது அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே தணிகாசலம். கீழே பூவரசன்.

குரு கீழே உள்ளதை அழுத்தினார்.

திரை கறுத்தது.

பிறகு டெஸ்க்டாப் அழகாக விரிந்தது. நீல வண்ணப் பின்னணி, கீழே பட்டை, மூலையில் கடிகாரம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

சீடர் எழுந்து நின்றுவிட்டார்.

“அவனுக்குத் திறக்குது! என் வீட்டு மெஷின், என்னைத் துரத்துது, அவனை வா உக்காருங்குது! இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

“இந்தப் பூவரசன் இப்பத்தான் சார் பிறந்தார். பேர் வெச்சது நீங்க.”

“இருந்தாலும்.”

“மெஷின் நல்லா இருக்கு. டெஸ்க்டாப்பும் நல்லா இருக்கு. வழியில போற யார் வந்தாலும் திறக்கும். நீங்க வந்தா மட்டும் திறக்காது.”

“அதைத்தானே நானும் சொல்றேன்! என்னைக் குறி வெச்சுப் பண்ணியிருக்கான்.”

அவரோடு வாதம் பண்ணிப் பயனில்லை என்று எங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. குருவுக்கு அது எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கறுப்புத் திரைக்குத் திரும்பி, சீடரின் ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது, எது யாருக்குச் சொந்தம் என்று கேட்டார்.

மெஷின் வரிசையாகச் சொன்னது. ஒவ்வொரு வரியிலும் ரூட், ரூட், ரூட் என்றே வந்தது.

“ரூட்னா யாருன்னு போன மாசம் சொல்லிக்கொடுத்தேன்.”

“அட்மின். எல்லாத்துக்கும் மேல இருக்கிறவன்.”

“உங்க ஃபோல்டர்ல இருக்கிற எதுக்கும் இப்ப நீங்க சொந்தக்காரர் இல்ல. எல்லாம் அட்மின் பேர்ல இருக்கு. டெஸ்க்டாப் திறக்கணும்னா உங்க ஃபோல்டர்ல ஒரு சின்ன ஃபைலை எழுதணும். சொந்தக்காரர் இல்லாதவங்களை எழுத விட மாட்டாங்க. அதான் திருப்பி அனுப்புது.”

“யார் மாத்தினது?”

“மாத்தணும்னா அட்மின் பாஸ்வேர்டு வேணும்.”

“என் பாஸ்வேர்டுதானே அதுவும்? அது என்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

“பூவரசனுக்குத் தெரியுமா?”

“சத்தியமாத் தெரியாது. தினமும் நான்தான் அடிச்சுக் கொடுப்பேன். அடிக்கிற வரைக்கும் அவனைச் சுவத்தைப் பாத்து நிக்கச் சொல்வேன்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. வேலை போய் அக்கா வீட்டுக்கு வந்திருக்கும் ஒருவன் தினமும் சுவரைப் பார்த்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

“அப்ப?” என்றார் குரு.

சீடர் நெற்றியைச் சுருக்கினார். பாஸ்வேர்டு தேவை. அது அவரிடம் மட்டும் இருக்கிறது. பூவரசனுக்குத் தெரியாது. இனி ஒரே ஒரு படிதான் பாக்கி. அவர் அதில் கால் வைக்கப்போகிறார் என்று நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

அவர் மேசையைத் தட்டினார்.

“திருடிட்டான்! பாஸ்வேர்டையே திருடிட்டான் மேடம்! சுவத்துல என் நிழல் விழுதில்ல, அதைப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்கான்!”

எழுந்து போய் அவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது எனக்கு.


குரு தண்ணீர் குடித்தார். சீடருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

“கெடறதுக்கு முன்னாடி நீங்க அதுல ஏதாவது செஞ்சீங்களா?”

“நானா? நான் எதையும் கெடுக்கல. பாதுகாப்புத்தான் பண்ணேன்.”

“என்ன பாதுகாப்பு?”

சீடர் கொஞ்சம் தயங்கினார்.

“அவன் என்ன பாக்கிறான்னு தானா ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற மாதிரி ஒண்ணு வெச்சிருந்தேன். எல்லாம் ஒரு ஃபோல்டர்ல சேரும். அவன் அதைக் கண்டுபிடிச்சு அழிச்சிடக் கூடாதில்லையா? அதனால வியாழக்கிழமை காலையில பூட்டிட்டேன்.”

“ஸ்கிரீன்ஷாட்ல என்ன இருந்தது?”

“வேலை தேடற சைட்டு.”

“அப்புறம்?”

“வேற ஒரு வேலை தேடற சைட்டு.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். நடிக்கிறான் மேடம். ஒரு மனுஷன் எந்நேரமும் வேலையேவா தேடுவான்?”

குரு தன் லேப்டாப்பை எடுத்து அவர் முன்னால் தள்ளினார்.

“எப்படிப் பூட்டினீங்கன்னு இதுல செஞ்சு காட்டுங்க.”

“இது உங்களோடதாச்சே.”

“ஆமா.”

“அட்மின் பாஸ்வேர்டு கேக்குமே.”

குரு சொன்னார். எங்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, மில் சத்தத்துக்கு மேலே, எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

சீடரின் முகம் வெளுத்துவிட்டது. தன் பாஸ்வேர்டே வெளியே போய்விட்டது போலப் பதறினார்.

“மெதுவா மேடம்! எல்லாரும் கேக்கிறாங்க!”

“கேக்கட்டும்.”

“காலேஜ் பரீட்சைக் கேள்வியெல்லாம் இதுலதானே இருக்கும்?”

“இருக்கு.”

“ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“நீங்கதான் பாதுகாப்புன்னு சொன்னீங்களே. பண்ணுங்க.”

சீடர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். வித்தையைக் காட்டச் சொன்னால் யாருக்குத்தான் உற்சாகம் வராது? போன மாதம் கற்றுக்கொண்டதை அப்படியே செய்தார். அட்மின் ஆனார். ஃபோல்டர்களைத் திறந்தார்.

“இந்த இடத்துலதான் மேடம் நான் கொஞ்சம் மூளையைச் செலவு பண்ணேன். அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் பூட்டினா என்ன ஆகும்? இதை மட்டும் ஏன் பூட்டி வெச்சிருக்காருன்னு அவனுக்குச் சந்தேகம் வரும். அதனால மொத்தத்தையும் பூட்டிட்டேன். எல்லாம் அட்மின் பேருக்கு. அவன் பாக்கலாம், எதையும் மாத்த முடியாது.”

“நீங்க?”

“நான்தானே அட்மின். எனக்கென்ன?”

உள்ளே இருப்பது அனைத்துக்கும் சேர்த்தா என்று மெஷின் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினார்.

“முடிஞ்சுது. இனி ஒருத்தன் கை வைக்க முடியாது.”

“வீட்லயும் இதே மாதிரிதானா? ஒண்ணும் விட்டுப் போகலியே?”

“இம்மி பிசகல.”

“பூட்டினதும் மெஷின் நின்னு போச்சா?”

“எங்க நின்னுச்சு? நல்லாத்தான் ஓடிச்சு. ராத்திரிகூட நான் அணைக்கல, ஸ்கிரீன்ஷாட் எடுக்கணுமே. மறுநாள் அவன்தான் வந்து நின்னான். ‘மாமா, அப்ளிகேஷன் சேவ் ஆக மாட்டேங்குது’ன்னான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. பூட்டு வேலை செய்யுதுன்னு.”

“அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“உனக்கு மெஷினைத் தொடவே தெரியலடான்னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டேன்.”

குரு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தார். திரை செத்தது.

“இப்ப கரண்ட் போச்சு” என்றார்.

மறுபடி உயிர் கொடுத்தார். மெஷின் எழுந்து, பாஸ்வேர்டு கேட்டது. குரு அடித்தார்.

திரை கறுத்தது. திரும்பவும் பாஸ்வேர்டு கேட்டது.

இன்னொரு முறை அடித்தார். கறுத்தது. கேட்டது.

“நீங்க அடிச்சுப் பாருங்க சார். பாஸ்வேர்டுதான் தெரியுமே.”

சீடர் அடித்தார். கையை மறைக்க மறந்துவிட்டார்.

கறுத்தது. கேட்டது.

மில் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

“பூவரசன் இந்த அறைக்கு வந்தாரா?”

“இல்ல.”

“அப்ப யாரை ரயில்ல ஏத்தலாம், சொல்லுங்க.”

சீடரின் கண்கள் எங்களில் ஒருவரைத் தேடி வந்தன. யாராவது ஒருவர் மேல் போய் நிற்க வேண்டும் என்று அவை பழகியிருந்தன. எங்கள் முகங்களில் ஒவ்வொன்றாக நின்று பார்த்துவிட்டு, நிற்க இடமில்லாமல், தன் கை மேலேயே போய் விழுந்தன.

“நான் பூட்டத்தான்…”

முடிக்கவில்லை.

“அன்னிக்குக் கடைசி நாள்னு சொன்னான் மேடம்.”

“என்ன கடைசி நாள்?”

“அந்த அப்ளிகேஷனுக்கு. ‘மாமா, கொஞ்சம் வந்து பாருங்க, இன்னிக்குத்தான் கடைசி நாள்’னு சொன்னான். நான் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.”

அவருக்காக வருத்தப்படுவதா, அந்தப் பையனுக்காகக் கோபப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டுமே இருந்தன.


சொந்தம் திரும்பி வர ஒரே ஒரு வரி போதும். குரு அதைச் சொன்னார். சீடர் தன் மெஷினில் அடித்தார். குரு தன் லேப்டாப்பில் அடித்தார்.

குருவின் டெஸ்க்டாப் வந்தது.

சீடரின் திரை இரண்டு பெயர்களோடு நின்றது. மேலே உள்ளதை அழுத்தினார். பாஸ்வேர்டு அடித்தார். கறுத்தது.

டெஸ்க்டாப் திறந்தது. ஏலகிரி ஏரிப் படம், பழைய ஃபோல்டர்கள், ஒன்றும் குறையவில்லை.

“வந்துடுச்சு சார்!” என்று எங்களில் ஒருவர் கத்தினார்.

சீடர் அந்த ஏரியைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

“சோதனைக்குத் திறந்த கணக்கை வழக்கமா அழிச்சிடுவோம்” என்றார் குரு.

“வேண்டாம் மேடம். விட்டுடுங்க. அவனுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்.”

அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. அவர் மனைவி. ஃபோனில் எப்போதும் சத்தத்தை முழுசாக வைத்திருப்பவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“அவன் சாப்பிடாமலே கிளம்பிட்டான். உங்களுக்குத் திருப்திதானே?”

வைத்துவிட்டார்.

சீடர் பூவரசனின் எண்ணைத் தேடி அழுத்தினார். கொஞ்ச நேரம் மணி அடித்தது.

“எங்கடா இருக்கே?”

“பிளாட்பாரத்துல மாமா. டிக்கெட் எடுத்துட்டேன்.”

இவர் டிக்கெட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“ரயில்ல ஏறாதே.”

“எதுக்கு மாமா?”

“ஏறாதேன்னு சொன்னா…”

“பையைப் பாக்கணுமா மாமா? என் துணி மட்டும்தான் இருக்கு. அக்கா கண்ணு முன்னாலதான் எடுத்து வெச்சேன். வேணும்னா அக்காவைக் கேளுங்க.”

சீடர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு மறுபடி காதுக்குக் கொண்டுபோனார்.

“பூவரசு, மெஷினைக் கெடுத்தது நான்தான்டா. நீ இல்ல. நான்தான். உன் அப்ளிகேஷனைக் கெடுத்ததும் நான்தான்.”

அந்தப் பக்கம் வண்டி வருவதாக அறிவிக்கும் குரல் மட்டும் கேட்டது.

“பூவரசு? இருக்கியா?”

“இருக்கேன் மாமா.”

“அங்கேயே நில்லு. நான் வரேன். வந்து கூட்டிட்டுப் போறேன்.”

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். கீபோர்டு, பை, பெட்டி எல்லாம் மேசை மேல் கிடந்தன. திரையில் அவருடைய டெஸ்க்டாப், எல்லா ஃபோல்டரோடும் எங்கள் நாலைந்து பேர் முன்னால் விரிந்து கிடந்தது.

குரு வாசலுக்குப் போய்ப் படிக்கட்டுப் பக்கம் குனிந்தார்.

“சார்! மெஷின் திறந்தே இருக்கு! பூட்டிட்டுப் போங்க!”

செருப்புச் சத்தம் நிற்கவே இல்லை. கீழே இறங்கிக்கொண்டே பதில் வந்தது.

“கிடக்கட்டும் மேடம்!”